ராஜவேலு வாய் திறந்த வியாழக்கிழமை

ராஜவேலுவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது அவசரப் பிரிவில் டூட்டி டாக்டர் நான்தான். என்னைப் பார்த்ததும் அவர் மகன் ரஞ்சித் திகைத்து நின்றான். பிறகு, ஓரடி தூரத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு நர்ஸ் சூசையம்மாளிடம் பேசினான்.

"நைனாவுக்கு நாலு நாளா ஜுரம், சிஸ்டர். இருமுனா துரு கலர்ல சளி வருது. டாக்டராண்ட சொல்லுங்க."

டாக்டருக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனால் எங்கள் குப்பத்தில் ஆறு வருஷமாக எங்கள் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது. ஏரியில் முறை வைத்து வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எங்கள் முறைப் பாட்டை ஊர்த் தலைவர் ராஜவேலு தன் மச்சான் கேசவனுக்குக் கொடுத்தார். ஏன் என்று என் அப்பா தேசப்பன் கூட்டத்தில் எழுந்து கேட்டார். அவ்வளவுதான் குற்றம். எங்களோடு பேசுகிறவர்களுக்கும் அதே தண்டனை என்று தீர்ப்பானது. அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கும் இதே ஜுரம், இதே துரு நிறச் சளி: நிமோனியா. அப்பா வீடு வீடாகப் போய் ஆட்டோ கேட்டார். ஒரு கதவும் திறக்கவில்லை. அம்மா போய்விட்டாள்.

ராஜவேலு மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தபோது, சாகட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். பொய் சொல்வானேன்.

ஆனால் கை தன் வேலையைச் செய்தது. நிமிடத்துக்கு முப்பத்து நாலு மூச்சு, ஆக்சிஜன் எண்பத்து நாலு, ரத்த அழுத்தம் இறங்கிக் கிடந்தது. மாஸ்க் மாட்டினேன். சலைன் ஓடியது. கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு இரண்டு ஆன்டிபயாடிக்கும் ஏறின. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது. எதிலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. நோயாளியைத் தவிக்கவிட நான் ராஜவேலு இல்லை.

ஒன்று பாக்கி இருந்தது. நிமோனியா முற்றினால் புத்தி தடுமாறும். கேள்வி கேட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சூசையம்மாளைக் கேட்க விட்டிருக்கலாம். விடவில்லை. வெளியே நின்ற கேசவனையும் உள்ளே வரச் சொன்னேன். தலைவர் நாற்காலிமேல் அவருக்கு எத்தனை நாளாகக் கண் என்று எனக்குத் தெரியும்.

"உங்க பேர் இன்னா?"

ராஜவேலு என்னை முறைத்தார். வாய் திறக்கவில்லை.

"இது எந்த இடம்? இன்னிக்கு இன்னா கெழம?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சிஸ்டர், புத்தி தடுமாற்றம்னு எழுதுங்க. தலைவருக்குச் சொந்தப் பேரே தெரியல."

ரஞ்சித் அழுதேவிட்டான். "பேசு நைனா!"

மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது. "ராஜவேலு... ஆஸ்பத்திரி... வியாழக்கெழம."

"நான் யாரு?"

இந்தக் கேள்வி எந்த மருத்துவப் புத்தகத்திலும் கிடையாது.

"தேசப்பன்... பொண்ணு."

"சத்தமா சொல்லுங்க."

"தேசப்பன் பொண்ணும்மா நீ!"

கேசவன் காதில் நன்றாக விழுந்தது. எனக்கு இனித்தது.

மாலைக்குள் மூச்சு இருபத்து நாலுக்கு இறங்கியது. இனி பிழைத்துவிடுவார். கேசவன் தண்ணீர் பாட்டிலோடு வந்து கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்றார். "மச்சான்" என்று ராஜவேலு கை நீட்டினார்.

கேசவன் அவரைப் பார்க்காமல் சூசையம்மாள் பக்கம் திரும்பினார்.

"தண்ணி வேணுமான்னு அவராண்ட கேளுங்க, சிஸ்டர்."