ஒட்டு விழாத நான்கு விநாடி

பஞ்சு என்பது அவளுடைய இயற்பெயர் அன்று. பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றித் தரும் அந்தச் சிறு கடைக்கு வருவோர், அவள் விரலிடுக்கில் ஒரு பஞ்சுத் துண்டு இல்லாத நேரத்தைக் கண்டதே இல்லை; ஆகவே அப்பெயரைச் சூட்டிவிட்டனர். அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். ஐம்பது வயதுக்குள் அவளிடம் ஊறிப்போன பழக்கங்கள் சில உண்டு. எந்த நாடாவையும் வந்த அன்றே இயக்கமாட்டாள். அறையின் சூட்டுக்குப் பழகட்டும் என்று ஒரு நாள் முழுதும் மேசைமேல் படுக்கவைப்பாள். நாடாவை ஓட்டும் டெக்கின் மூடியைத் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் உள்ளிருக்கும் உருளையைத் துடைத்த பின்னரே நாடாவை உள்ளே தள்ளுவாள். அந்த அறைக்குள் தேநீர்க் கோப்பை நுழையக் கூடாது. நாடாவில் இருப்பதை இருந்தபடியே நோட்டுப் புத்தகத்தில் எழுதுவாள்: இத்தனை நிமிடம் திரைப்படம், இத்தனை நிமிடம் விளம்பரம், இத்தனை நிமிடம் வெறும் இரைச்சல். கூட்டி எழுதியதில்லை, குறைத்து எழுதியதில்லை. எதையும் அழித்ததுமில்லை.

கீழ்த்தளத்தில் அவள் தம்பி சாவிக்கடை வைத்திருந்தான். முப்பத்தேழு வயதாகியும் வாய்த்துடுக்கு அடங்காதவன். "ஊரான் வீட்டுப் படத்தையெல்லாம் உக்காந்து பாத்துட்டு, அதுக்குக் கூலியும் வாங்கற ஆளு நீ ஒருத்திதான்" என்று மாடிப்படியில் நின்றபடி வம்புக்கு இழுப்பான்.

அவள் இத்தொழிலுக்கு வந்த காரணத்தை அவனும் அறிவான். அவர்களுக்கு மூத்த தமக்கை ஒருத்தி இருந்தாள். தொலைக்காட்சி நிலையத்தில் அறிவிப்பாளர். ஒரு நிகழ்ச்சி முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவெளியில் திரையில் தோன்றி, வணக்கம் கூறி, அடுத்து வருவது இன்னது என்று சொல்லி மறைவாள். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், பணி முடிந்து கொட்டும் மழையில் வீடு திரும்புகையில், சாலை விபத்தில் இறந்தாள். அப்போது பஞ்சுவுக்கு வயது பத்தொன்பது, தம்பிக்கு ஆறு.

வீட்டில் அவளுடைய புகைப்படங்கள் எஞ்சின, குரல் எஞ்சவில்லை. அறிவிப்புகள் யாவும் நேரலையாகப் போனவை. நிலையத்தார் அவற்றைச் சேமிக்கவில்லை. வீடுகளில் படம் பதிவு செய்தவர்களோ, அறிவிப்பாளர் முகம் தெரிந்ததும் நாடா வீணாகிறதே என்று பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டனர். பதினோர் ஆண்டுகளில் மூவாயிரம் நாடாக்களுக்கு மேல் பஞ்சுவின் கைவழியே சென்றிருந்தன. அவற்றிலிருந்து தமக்கையின் குரல் நாற்பத்தெட்டு விநாடி கிடைத்தது; அதுவும் அரைகுறை. "வணக்கம் நேயர்களே, அடுத்து நீங்கள்..." என்பதோடு வெட்டுப்படும். ஒரு வாக்கியத்தையேனும் அவள் முடித்துக் கேட்கும் பேறு பஞ்சுவுக்கு வாய்க்கவில்லை.

ஒரு நாள் காலையில், இரண்டு அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு ஒரு பெண் மாடியேறி வந்தாள். மூச்சு வாங்கிற்றே ஒழியப் பேச்சு ஓயவில்லை.

"எங்க மாமனார் வச்சிட்டுப் போனதுங்க. வாட்ச் ரிப்பேர் பண்ணிட்டிருந்தவர். போன மாசம் தவறிட்டார். தூக்கிப் போட எங்க வீட்டுக்காரருக்கு மனசு வரல. என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. ஆனா சிரிச்சுடாதீங்க."

"சிரிக்கிற மாதிரி என்ன இருக்கு?"

"படம் பிடிக்கமாட்டாருங்க, பாட்டு பிடிக்கமாட்டாரு. நடுவுல ஒரு பொண்ணு வந்து வணக்கம் சொல்லுமே, அதை மட்டும் பிடிப்பாரு. படம் ஆரம்பிச்சதும் நிறுத்திடுவாரு! எங்க மாமியார் சாகற வரைக்கும் அந்தப் பொண்ணைத் திட்டித் தீத்தாங்க. 'நான் வந்து வணக்கம் சொன்னா நிமிந்துகூடப் பாக்க மாட்டீங்களே'ன்னு."

பஞ்சு சிரிக்கவில்லை. விரலிடுக்கில் இருந்த பஞ்சுத் துண்டு கசங்கிப்போயிற்று.

"ரெண்டு டெக் வச்சிருந்தாரு" என்று மருமகள் தொடர்ந்தாள். "ஒரு நாள் திடீர்னு ரெண்டையும் போர்வை போட்டு மூடிட்டாரு. அதுக்கப்புறம் டிவி ஓடுற ரூம்ல உக்காரவே மாட்டாரு. ஏன் மாமான்னு கேட்டா, 'அந்தப் பொண்ணை ரொம்பப் பாடாப் படுத்திட்டேம்மா'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னாரு. அந்தப் பொண்ணை அவரு நேர்ல பாத்ததுகூட இல்லீங்க!"

பெட்டிகளில் இருபத்தாறு நாடாக்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும், கடிகாரத்தின் விநாடி முள்ளைப் போன்ற மெல்லிய எழுத்தில், எண்ணும், ஏறக்குறைய எல்லாவற்றிலும் தேதிகளும் எழுதப்பட்டிருந்தன. மறுநாள் வரை காத்திருப்பதற்குள் பஞ்சுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆயினும் பழக்கத்தை மீறவில்லை.

முதல் நாடாவை இயக்கியதும் திரையில் தமக்கை தோன்றினாள். கழுத்தில் ஒற்றைச் சர முத்துமாலை. இடப்பக்கம் சற்றே சாய்ந்த தலை. "வணக்கம் நேயர்களே. அடுத்து நீங்கள் காண இருப்பது, சின்னஞ்சிறு சிறார்களுக்கான சித்திரக் கதை. கண்டு மகிழுங்கள்."

வாக்கியம் முடிந்துவிட்டது. பஞ்சு எழுந்து படிக்கட்டுக்குச் சென்று தம்பியைக் கூவி அழைத்தாள். அவன் கையில் அரத்தூளோடு ஓடிவந்தான்.

"இதுவா பெரியக்கா?" என்றான். பின்பு, "உன் குரல் மாதிரியே இருக்கு. உன்னை மாதிரி அதட்டல, அவ்வளவுதான்."

"வாயை மூடிட்டுக் கேளு."

அவன் வாயை மூடிக்கொண்டான். அன்று அவன் மீண்டும் கடைக்கு இறங்கவே இல்லை.

சில நாள்களில் இருவரும் பத்தொன்பதாம் நாடாவை எட்டினர்; அது தமக்கை இறந்த நாளன்று முடிந்தது. கடைசி அறிவிப்பில் அவள் கைகூப்பி, "நாளை மீண்டும் சந்திப்போம்" என்றாள். அன்றைய ஒளிபரப்பு முடியும்போது அறிவிப்பாளர் கூறும் வழக்கமான சொற்கள் அவை.  தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து, அதன் பற்களைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேட்டா திட்டக்கூடாது."

"கேளு."

"பெரியக்கா என்னைச் சின்னு, சின்னுன்னு கூப்பிடுவாங்கன்னு நீதான் சொல்லுவே. எனக்கு ஒரு எழவும் ஞாபகம் இல்ல. இவ்ளோ பேசியிருக்காங்களே, அதை வெட்டி ஒட்டி, ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட வைக்க முடியாதாக்கா? கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றாங்களே. என் பிறந்தநாளுக்குன்னு வச்சுக்கோயேன்."

"உன் பிறந்தநாளுக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

"முன்கூட்டியே குடுத்துடு."

அவன் சிரித்தான், சாவியிலிருந்து கண்ணை மட்டும் எடுக்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக வாக்களித்தாள்.

எஞ்சிய ஏழு நாடாக்களை அவள் அடுத்த நாள் நண்பகலில் எடுக்கத் தொடங்கினாள். தெருவில் வெயில் காய்ந்தது. திரையில் வெளிச்சம் விழாதிருக்கச் சன்னல்களை மூடியிருந்தாள். இருபதாம் நாடாவின் தேதியைப் படித்தவள், கண்ணாடியைத் துடைத்து மீண்டும் படித்தாள். தமக்கை இறந்ததற்கு மறுநாள்.

திரையில் தமக்கை தோன்றி வணக்கம் கூறினாள். அன்றைய நிகழ்ச்சிகளை வரிசையாக அறிவித்தாள்.

பஞ்சு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டாள். ஆனால் கை, தொழில் பழகிய கை; அது நாடாவைப் பின்னோக்கிச் சுழற்றி மெல்ல ஓடவிட்டது. அப்போது ஒட்டுகள் புலப்பட்டன. ஒரு டெக்கில் ஓடுவதை மற்றொன்றில் துண்டு துண்டாக ஏற்றினால், துண்டுகள் சேருமிடத்தில் படத்தின் அடியில் ஒரு வண்ணக் கோடு கண்சிமிட்டும் நேரம் மின்னி மறையும். அக்கோடு ஒவ்வொரு சொற்றொடருக்கும் மின்னிற்று. கடிகாரக்காரர், இறந்தவளின் பழைய அறிவிப்புகளிலிருந்து சொற்களைப் பொறுக்கி எடுத்து, அவள் சொல்லாத அறிவிப்புகளைச் செய்திருக்கிறார்.

"அட, கிறுக்கரே" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். பயம் தெளிந்து, சற்றே இரக்கங்கூட வந்தது.

இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று மேலே செல்லச் செல்ல ஒட்டுகள் நெருங்கின. பிரதிக்குப் பிரதி எடுத்ததனால் முகம் மங்கிற்று; வண்ணம் விளிம்பைத் தாண்டி வழிந்தது; கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கரிய தீற்றல்கள் நின்றன. இருபத்தைந்தாம் நாடாவில் நிகழ்ச்சிகளின் பெயர்களே இல்லை. அந்தக் கரைந்த முகம் வணக்கம் கூறிற்று; மீண்டும் வணக்கம் கூறிற்று.

அந்த நாள்களில் முற்பகல் முழுவதும் பஞ்சு கணினியின் முன் அமர்ந்து தம்பி கேட்டதைச் செய்துகொண்டிருந்தாள். "சின்னஞ்சிறு" என்பதிலிருந்து முற்பாதியை வெட்டினாள். இறுதி ஒலியை வேறோர் அறிவிப்பிலிருந்து எடுத்துப் பொருத்தினாள். கேட்டால் பெயர் சரியாகத்தான் ஒலித்தது; ஆனால் அதில் அழைப்பு இல்லை. ஆகவே குரலைச் சற்று உயர்த்தினாள், சற்று நீட்டினாள், மறுபடியும் கேட்டாள். நாற்பது முறை, ஐம்பது முறை கேட்டிருப்பாள். வியாழனன்று, தமக்கை வீட்டில் எவ்வாறு அழைத்தாள் என்று நினைத்துப் பார்க்க முயன்றபோது, காதில் வந்தது தான் செய்த குரல்தான். அவள் சட்டென்று ஒலியை நிறுத்தினாள். ஆயினும் வாக்குக் கொடுத்தாயிற்று. முக்கால் பங்கு முடிந்தும் ஆயிற்று.

இருபத்தாறாம் நாடாவை வெள்ளிக்கிழமை பிற்பகலில் இயக்கினாள். அதன் முதுகில் எண் மட்டுமே இருந்தது.

"நாளை மீண்டும் சந்திப்போம்" என்றது கரைந்த முகம். ஒட்டுக் கோடு மின்னிற்று. "நாளை மீண்டும் சந்திப்போம்." கோடு. "நாளை மீண்டும் சந்திப்போம்." பதினொரு நிமிடம் அவ்வொரு வாக்கியமே திரும்பத் திரும்ப வந்தது. கைகூப்பும் கைகள் எழுந்து விழுந்து எழுந்தன. கீழே பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. பஞ்சு எழுதுகோலைக் கையில் பிடித்தபடி, எழுத ஒன்றுமில்லாமல் அமர்ந்திருந்தாள்.

அப்போது படம் தெளிந்தது. ஈரப் பஞ்சால் எவரோ உள்ளிருந்து துடைத்தாற்போல, மங்கலும் வழிந்த வண்ணமும் ஒருங்கே விலகின. தமக்கை கைகூப்பவில்லை. காமிராவுக்கு மிக அருகில் இருந்தாள். கண்கள் கண்களாக இருந்தன.

"எத்தனை தடவைதாங்க சொல்றது? போதும். விட்டுடுங்க."

அவ்வளவே. பின்பு நாடாவின் முடிவு வரை வெள்ளைப் புள்ளிகளின் இரைச்சல்.

பஞ்சு பின்னோக்கிச் சுழற்றினாள். ஒவ்வொரு படச்சட்டமாக நகர்த்தினாள். நான்கு விநாடி, முன்னும் இல்லை, பின்னும் இல்லை, இடையிலும் இல்லை, எங்கும் ஓர் ஒட்டு விழவில்லை. மேலும், அது அறிவிப்பாளரின் குரல் அன்று. நிலையத்தில் தமக்கை திருத்தமான தமிழ் தவிர வேறொன்று பேசியதில்லை; "விட்டுடுங்க" என்ற சொல்லைப் பத்தொன்பது நாடாக்களிலும் தேடினாலும் கிட்டாது. இது சமையலறையிலிருந்து கேட்கும் குரல். தலை வாரும்போது கேட்கும் குரல். பஞ்சு முப்பத்தொரு ஆண்டுகளாகத் தேடிய குரல் இதுவே.

ஏதோ ஒரு நாள் ஒலிவாங்கி தவறுதலாகத் திறந்திருக்கலாம். உடன் பணிபுரிந்த யாரிடமோ அலுத்துக்கொண்டது அப்படியே ஒளிபரப்பாகி, கடிகாரக்காரர் கையில் சிக்கியிருக்கலாம். அவ்வாறு நம்பவே அவள் விரும்பினாள். ஆனால் திரையில் நிறுத்திவைத்த படத்தில், தமக்கையின் நெற்றியோரத்து முடி நனைந்து கன்னத்தில் ஒட்டியிருந்தது. முத்துமாலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சு டெக்கை அணைத்தாள். கணினியின் பக்கம் திரும்பி, தான் செய்துகொண்டிருந்த கோப்பைத் திறந்தாள். அதை மீண்டும் ஒருமுறை கேட்கவில்லை. அழித்தாள்.

படியில் செருப்பொலி கேட்டது. தம்பி தலைவாரி, முகம் கழுவி வந்திருந்தான்.

"ரெடியாக்கா?"

"செய்யப் போறதில்லடா."

"வரலையா?"

"வந்துச்சு. முக்கால்வாசி முடிச்சேன். அழிச்சுட்டேன்."

"நீயா? நீ அழிச்சியா?" அவன் சிரித்துவிட்டான். "குப்பைக் கேசட்டுக்கே கோயில் கட்டுறவ நீ. யாரு வேணாம்னாங்க?"

"அக்கா வேணாங்கறா."

அவன் மறுபடியும் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைக் கண்டதும் அச்சிரிப்பு பாதியில் நின்றது. அணைந்துகிடந்த திரையைப் பார்த்தான். அதில் அவர்கள் இருவரும் கறுப்பாகத் தெரிந்தனர். அவன் முக்காலியை இழுத்து அவள் அருகில் போட்டு அமர்ந்தான்.

"சரி, விடு" என்றான்.

பஞ்சு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இருபத்தாறு என்ற எண்ணுக்கு எதிரே, பதினொரு நிமிடம் அறிவிப்பு, நான்கு விநாடி பேச்சு, எஞ்சியது இரைச்சல் என்று இருந்தபடியே எழுதினாள். பத்தொன்பது நாடாக்களை மட்டும் கணினிக்கு மாற்றுவது என்றும், மற்ற ஏழையும் இனி இயக்குவதில்லை என்றும் அவள் முடிவு செய்தாள்.