நாற்பத்தேழாம் நம்பர் பில்லை

பம்பாயில் கை கால் இழந்த தமிழனுக்கு இரண்டே கதி. ஒன்று ஆண்டவன், இன்னொன்று வக்கீல் வானமாமலை. இதைச் சொன்னவர் வக்கீல் வானமாமலைதான். ஊனமுற்ற உழைப்பாளர் சட்ட உதவிச் சங்கத்தின் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநாலாம் வருஷ மலரில், அவர் படத்துக்குக் கீழேயே அச்சாகியிருந்தது. சங்கத்துக்குத் தலைவர் அவர்; மலருக்கு ஆசிரியரும் அவர்.

ராபியாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் நம்பினாள் என்று சொல்ல முடியாது. வாசிக்கத் தெரிந்தவர்களும் நம்பினார்கள்.

அவள் புருஷன் ஷேக் பரீத், தாராவித் தோல் கம்பெனி ஒன்றில் உருளை மிஷினுக்கு வலது கையை முழங்கை வரை கொடுத்தவன். மறுநாளே முதலாளி, இவன் என் ஆளே இல்லை என்றுவிட்டார். சம்பளப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் காணோம். கூட வேலை பார்த்தவர்களுக்குத் திடீரென்று நாக்கு இல்லாமல் போயிற்று. மிஞ்சிய ஒரே சாட்சி, தினமும் கேட்டில் காட்டிவிட்டு உள்ளே போகிற பித்தளைப் பில்லை. கம்பெனி பேரும், நாற்பத்தேழு என்ற நம்பரும் வெட்டியிருக்கும். கை போன அன்று அது அவன் சட்டைப்பையில் இருந்தது. நஷ்டஈட்டுக் கோர்ட்டில் அதைக் காட்டினால் கேஸ் நிற்கும்.

வக்கீல் அதை வாங்கிப் பார்த்தார். உருகினார். கண்ணாடிச் சட்டம் போட்டு, 'உழைப்பின் கண்ணீர்' என்று எழுதி, மாதுங்கா ஆபீசில் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிவிட்டார். வருகிற பிரமுகர்கள் அதன் முன் நின்று உச்சுக்கொட்டி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ராபியாவோடு கோர்ட்டுக்குப் போவது குமாஸ்தா பிரம்மநாயகம். "வக்கீலய்யாவுக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி அடுத்த தாரீக்கு, நம்மூர் பாஷையில் வாய்தா, வாங்கி வருவார். இப்படி ஆறு தாரீக்கு. ஆறாவதில் ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த தடவை அத்தாட்சி வராவிட்டால் கேஸ் தள்ளுபடி என்றார்.

அந்த அடுத்த தடவை இன்று பதினோரு மணிக்கு. பிரம்மநாயகம் மலேரியாவில் படுத்திருந்தார். ராபியா தனியாக மாதுங்காவுக்கு வந்து நின்றாள்.

"இன்னிக்கா?" என்றார் வக்கீல், போட்டோ ஆல்பத்திலிருந்து தலையைத் தூக்காமல். "சாயங்காலம் மந்திரி வரார்மா. அந்தப் பில்லையைப் பாக்கணும்னே வரார். இன்னொரு தாரீக்கு வாங்கிண்டாப் போச்சு. ஒன் ஆத்துக்காரருக்கு மேடையிலே சால்வை போடப் போறோம், தெரியுமோ?"

"அவுக எந்தக் கையால வாங்குவாக, வக்கீலய்யா?"

"சால்வையைத் தோள்லன்னா போடுவா!"

ராபியாவுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது. இடது கையால் சோறு தின்னமாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற மனுஷனுக்கு, ஒன்றரை வருஷமாகப் பிசைந்து ஊட்டுகிறவள் அவள். துப்பட்டியை இழுத்துச் செருகினாள். பிரமுகர்கள் உட்காருகிற மெத்தை நாற்காலியைச் சுவரோடு தள்ளிப் போட்டு, செருப்புக் காலோடு ஏறி, சட்டத்தைக் கழற்றினாள். சுவரில் வெள்ளையாய் ஒரு சதுரம் தெரிந்தது.

"ஏய், ஏய்! அது சங்கத்துச் சொத்து!"

"இது எங்க வூட்டு ஆளோட கை. சங்கத்துக்கு வேணும்னா நீங்க ஒரு கையக் குடுத்து ஒண்ணு வாங்கி மாட்டிக்கிடுங்க."

"மந்திரி வந்தா நான் எதைக் காட்டறது?"

"பில்ல கோர்ட்டுக்குப் போவுது. ஒங்களுக்கு வேணும்னா பில்லையோட வாங்க."

சாயங்காலத்துக்குள் சட்டம் திரும்பி வந்தாக வேண்டும். வானமாமலை அலமாரியிலிருந்து கறுப்புக் கோட்டை எடுத்து உதறினார். ரசகற்பூர உருண்டை ஒன்று உருண்டு ஓடியது. டாக்சியில் வழி முழுக்க, ஏழைத் தொழிலாளிக்காக இருபது வருஷமாகத் தான் படுகிற பாட்டை டிரைவரிடம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டு வந்தார். பின்சீட்டில் ராபியா சட்டத்தை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

கோர்ட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் அவள் விறுவிறுவென்று படியேறினாள். வக்கீல் கீழேயே நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "எந்த மாடிம்மா?" என்று கேட்டார்.

இருபது வருஷத்தில் அவர் அந்தக் கோர்ட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.