ஆறு விநாடி

கடலில் போகிற கப்பல்களோடு பேசுகிற நிலையத்தில் நான் சுமை தூக்குகிறேன். பேட்டரி, கேபிள் உருளை, எது வந்தாலும் என் தோளில்தான் ஏறும். என் மகள் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் சமையல் வேலையில் இருக்கிறாள். ஞாயிறு காலையில் பத்து நிமிஷம் எங்களைப் பேசிக்கொள்ள விடுவார்கள்.

அவள் குரல் வழியில் அடிபட்டு, ஓட்டை விழுந்துதான் வந்து சேரும். ஓட்டையை அடைப்பது ஒரு கம்ப்யூட்டர். நாற்பது வயசுக்கு மேல் எழுத்துப் படித்தவன் நான்; போர்டில் ஒரு எழுத்து அழிந்திருந்தால் அக்கம்பக்கத்து எழுத்தை விசாரித்துத்தான் படிப்பேன். அதுவும் அப்படித்தானாம். குரலோடு கூடவே சாட்சிக்கு அனுப்பின எண்களையும் விசாரித்து, தொலைந்ததைக் கண்டுபிடிக்கும். அதற்கு ஆறு விநாடி ஆகும்.

அந்த ஆறு விநாடி எனக்குப் பழகிவிட்டது. எப்போது வருவாய் என்று கேட்டுவிட்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருப்பேன். வருகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாள், அது வந்துகொண்டிருக்கிறது என்று நினைப்பு. பிறகு "பாக்கலாம்பா" வந்து சேரும்.

இந்த மாசம் அவள் ஒப்பந்தம் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம். அவள் அம்மா இப்போதே கட்டிலைத் துடைத்து விரிப்புப் போட்டுவிட்டாள். பாக்கலாம் என்று வந்து நிற்காதீர்கள், பதிலோடு வாருங்கள் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள்.

நிலையத்து எஞ்சினியர் பெண்ணை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன்; அன்றைக்கு அவளுக்கு முகமெல்லாம் பல். கம்ப்யூட்டர் அதே பழசுதான்; புரோகிராமை மட்டும் புதிதாக எழுதிவிட்டாளாம். முன்பு ஒவ்வொரு மூட்டையாகத் தூக்கினது, இனி முப்பத்திரண்டை ஒரே தூக்காகத் தூக்கும், கணக்கு நேரானதும் மேற்கொண்டு மெனக்கெடாது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அதன் இடுப்பு என்னத்துக்கு ஆகும் என்றேன். சிரித்தாள்.

மகள் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி வந்தது. கேட்ட வாய் மூடுவதற்குள் பதில். அம்மாவின் முட்டிவலி, மாடிக் குழாய் ஒழுகுவது எல்லாம் பேசினோம்.

"எப்பம்மா வர்றே?"

சத்தமில்லை. மனசுக்குள் எண்ணினேன். ஆறும் தாண்டியது. தங்கச்சியிடம் திரும்பி, "பழையபடி மாட்டிக்கிச்சா?" என்று கேட்டேன். அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

"இல்லண்ணே. வரவேண்டியதெல்லாம் வந்துடுச்சு."

அப்போதுதான் ஸ்பீக்கரில் மகள் மூச்சு விடுவது கேட்டது. ஒரு பழுதும் இல்லாமல் கேட்டது.

"கையெழுத்துப் போட்டுட்டேன்பா."

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலுக்கே வந்து, என்ன சொன்னாள் என்று கேட்டாள். நான் குனிந்து, செருப்பை மெதுவாகக் கழற்றினேன்.