ஓவிய டின்

எங்கள் ஒன்றியத்தில் பாடவேளைகள் டின்னில் வரும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்து வேன் அவற்றை இறக்கிவிட்டுப் போகும். ஒரு டின்னுக்கு நாற்பது நிமிடம். வாரத்துக்குத் தமிழுக்கு எட்டு டின், கணக்குக்கு எட்டு, ஆங்கிலத்துக்கு ஏழு, அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் ஐந்தைந்து, விளையாட்டுக்கு இரண்டு, ஓவியத்துக்கு ஒன்று. உள்ளே நிமிடங்கள் வறுத்த ரவை மாதிரி இருக்கும். மேசைமேல் திறந்து வைத்தால் பாடம் நடக்க நடக்க மட்டம் இறங்கும். டின்னின் அடி தெரிந்தால் பாடவேளை முடிந்தது.

நான் தலைமையாசிரியை, தமிழும் நடத்துகிறேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. இன்னொருவர் கணக்கு நடத்தும் மரியசெல்வம் சார். டின் அலமாரிக்கு இரண்டே சாவிகள். ஒன்று என்னிடம், ஒன்று அவரிடம். அதனால் ஓவிய டின் குறைய ஆரம்பித்தபோது யாரைச் சந்தேகிப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

மற்ற டின் குறைந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். நான்காம் வகுப்பு இசக்கியம்மாள் ஓவியப் பாடவேளையில் மட்டும்தான் பேசுவாள். அவளுடைய அம்மா பேச்சித்தாய் ஜூன் மாதம் வேலை தேடி ஊரைவிட்டுப் போனாள். எங்கே போகிறாள் என்பதை மகளிடம் மட்டும் சொல்லி, டீச்சரிடம் சொல்லிவிடு என்று அனுப்பியிருந்தாள். இசக்கியம்மாள் முதல் வெள்ளிக்கிழமையே சொல்லத் தொடங்கிவிட்டாள். எதையும் விடாமல் சொல்கிற பிள்ளை. அம்மா தலை வாரியதைச் சொல்லவே ஜூலை முழுவதும் ஆனது. டின் காலியானதும் பாதிச் சொல்லில் நிறுத்துவாள். அடுத்த வெள்ளிக்கிழமை மீதிப் பாதியிலிருந்து தொடங்குவாள். வீட்டில் ஓவிய டின் கிடையாது என்பதால் அங்கே அவளிடம் கேட்டுப் பயனில்லை. பஞ்சர் கடை வைத்திருக்கும் அவள் தாய்மாமா, பொங்கலுக்குள் அக்கா இருக்கும் இடம் தெரியாவிட்டால் பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

இசக்கியம்மாள் சொல்லச் சொல்ல, டிசம்பரில் பேச்சித்தாய் பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்திருந்தாள். பஸ் இன்னும் வரவில்லை. அப்போதுதான் டின்னில் இருபத்தைந்து நிமிடங்களே இருந்தன. அடுத்த வாரம் பதினெட்டு.

மரியசெல்வம் சார் அந்த வாரம் முழுவதும் என்னைப் பார்த்து அதிகமாகச் சிரித்தார். சும்மா சிரிக்கிற ஆள் இல்லை அவர். பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது, அரையாண்டு மதிப்பீடு வரப்போகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவர், திடீரென்று புலம்பலை நிறுத்தியிருந்தார். அவருடைய கைக்குட்டையில் ஓவிய நிமிடத்தின் வாசம் இருக்கிறதா என்றுகூட அவர் பார்க்காதபோது முகர்ந்து பார்த்தேன். பவுடர் வாசம்தான் அடித்தது.

திங்கட்கிழமை வேன் வந்ததும் ஓவிய டின்னில் பச்சைச் சாக்பீஸைப் பொடித்துக் கலந்து வைத்தேன். வியாழக்கிழமை கணக்கு வகுப்பில் நாற்பத்தைந்தை ஏழால் வகுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் மீதி பச்சையாக வந்தது.

நோட்டுகளை அவர் முன்னால் பரப்பி வைத்தேன். அவர் மறுக்கவில்லை. மதிப்பீடு முடிந்ததும் விளையாட்டு டின்னிலிருந்து எடுத்து ஈடுகட்ட நினைத்ததாகச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் எடுத்தது வாரத்துக்கு ரெண்டு கரண்டி டீச்சர். பத்து நிமிஷம் தேறும். மிச்சம் எங்க போச்சு?"

மிச்சத்தை நான் எடுத்திருந்தேன். சொல்வதெழுதுதலுக்கு. என் வகுப்பிலும் ழகரங்கள் பச்சையாகத்தான் வந்திருந்தன. நோட்டுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். இருந்தாலும் அவரை நான் சந்தேகப்பட்டது பொய்யில்லை, முழு மனதாகத்தான் சந்தேகப்பட்டேன். அன்று எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. ஆனால் மதிப்பீடு பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிப்போனதால், கரண்டியை இருவருமே கீழே வைக்கவில்லை.

பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் திரவியம் சார் ஆய்வுக்கு வந்தார். ஒவ்வொரு டின்னிலும் எவர்சில்வர் ஸ்கேலை விட்டு ஆழம் பார்த்தார். ஓவிய டின்னில் பதினோரு நிமிடங்கள்தான் நின்றன. இவ்வளவு குறைவாக ஓவியம் தேவைப்படும் பள்ளிக்கு அடுத்த வாரத்திலிருந்து ஓவியமே தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விதி அப்படித்தான் இருக்கிறது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இசக்கியம்மாள் தன் இடத்தில் தாளும் கிரேயான் பென்சில்களுமாக உட்கார்ந்திருந்தாள். பதினோரு நிமிடத்தில் பஸ்ஸின் நிறத்தைக்கூட அவளால் முடிக்க முடியாது.

மரியசெல்வம் சார் எழுந்துபோய்த் தன் கணக்கு டின் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பாடத்தின் நிமிடத்தை இன்னொன்றில் கலப்பது குற்றம், செய்தவரைத் தூக்கியடித்துவிடுவார்கள். திரவியம் சார் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"நான் வேப்பமரத்தப் பாத்துட்டு இருக்கேன். கலக்குறதா இருந்தா சட்டுனு கலக்குங்க" என்றார்.

சார் கொட்டினார். இசக்கியம்மாள் பேச ஆரம்பித்தாள். கணக்கு நிமிடங்கள் என்பதால் எண்ணாகத்தான் பேச முடிந்தது.

"எழுவத்தி ரெண்டு. அஞ்சாவது சீட்டு. தொண்ணூத்தி நாலு கிலோமீட்டர். எறங்கி முந்நூத்திப் பத்து அடி. பதினாலு படி. கதவு நம்பர் ஆறு."

எந்த ஊர் என்பது எண்ணில் வராது. நான் சமூக அறிவியல் டின்னை உடைத்துக் கவிழ்த்தேன். விருதுநகர் மாவட்டம், விருதுநகர், வடக்கே தண்டவாளம், கிழக்கே தண்ணீர்த் தொட்டி என்று நான்கு எல்லையும் சொல்லி முடித்தாள். டின்னின் அடி தெரிந்தது. திரவியம் சார் ஜன்னலைப் பார்த்தபடியே, கதவு எண்ணை இன்னொரு முறை கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் சனிக்கிழமை. இசக்கியம்மாளைக் கூட்டிக்கொண்டு எழுபத்திரண்டாம் நம்பர் பஸ்ஸில் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே ஒரு வரிசை வீடு. பதினாலு படி ஏறினோம். ஆறாம் நம்பர் கதவின் முன்னால் பேச்சித்தாய் பையைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டில் சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள். தலை வாரியது கலையவில்லை. வைத்த பூவும் வாடவில்லை.

"இப்பந்தான் வந்து எறங்குதேன். அதுக்குள்ள எப்படி டீச்சர் வந்துட்டீங்க?" என்றாள்.

மகள் சொன்ன அளவுக்குத்தானே அவளாலும் வந்திருக்க முடியும். நாங்கள் எடுத்த கரண்டிகளையெல்லாம் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவள் மகளை இழுத்து அணைத்து, தலையைத் தன் மார்போடு வைத்துப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அளந்தாள். அவள் முகம் மாறியது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காலையில விட்டுட்டு வந்த பிள்ள, நாலு விரக்கட வளந்துருக்கா. பள்ளிக்கூடத்துல என்ன குடுத்தீங்க?"

சத்துணவில் முட்டை போடுகிறோம் என்றேன்.