பார்வைக்கு விட்ட பாத்திகள்

"கையை எடுங்கக்கா, கத்தி பட்டுடப் போகுது..."

"படட்டும்! இந்த வரிசையில ஒரு கோசு குறைஞ்சுது, நான் மனுஷியா இருக்க மாட்டேன்..."

"இப்ப மட்டும் என்னவா இருக்கீங்களாம்?"

"என்னடி சொன்னே?"

"கோசு வேணும்னு சொன்னேன். சமைக்கத்தானே கேக்கிறேன், கொண்டையில வெச்சுக்கவா கேக்கிறேன்?"

ஊதா முட்டைக்கோசுப் பாத்தியில் இருவரும் குந்தியிருந்தார்கள். ஒரே கோசின் மேல் நாலு கை. மூத்தவள் அதைப் பெற்ற பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டிருந்தாள். இளையவள் கத்தி முனையால் அதன் தண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். மூத்தவளுக்குத் தோட்டத்து வேலை, இளையவளுக்கு அதை ஒட்டிய சமையலறை. நடுவில் ஒரு மரக்கதவு. இந்தப் பக்கத்து ஏச்சையும் அந்தப் பக்கத்து ஏச்சையும் கேட்டுக் கேட்டே அதன் கீல் துருப்பிடித்திருக்க வேண்டும்.

பெரிய மாளிகை ஒன்றின் காய்கறித் தோட்டம் அது. மாளிகைக்காரர்களின் மேசைக்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் விளைய வேண்டும் என்று, காற்றும் திருடனும் நுழையாதபடி நாலு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்து, சொத்து ஒரு அறக்கட்டளையின் கைக்கு வந்தது. இப்போது ஜனங்கள் சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பாத்தி பாத்தியாகப் பார்க்கிறார்கள், படம் பிடிக்கிறார்கள், பழைய சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். 'இங்கே பரிமாறும் ஒவ்வொரு காயும் இந்த நாலு சுவருக்குள் விளைந்தது' என்று வாசலில் பெரிதாகப் பலகை.

பலகை வாய் நிறையச் சொல்லிவிடும். ஓரகத்திக்குக் கொடுக்க மனசு வர வேண்டுமே!

மாளிகைக் கூடத்தில் இந்தத் தோட்டத்தின் பழைய ஓவியம் ஒன்று தொங்கியது. ஊதாக் கோசு ஒரு வரிசை, வெளிர்பச்சைக் கீரை ஒரு வரிசை, பின்னால் கொம்பு ஏறிய பீன்ஸ். மூத்தவள் அதைப் பார்த்துப் பார்த்தே பாத்தி கட்டினாள். வருகிறவர்கள் "அச்சு அசல் அப்படியே இருக்கே!" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கோசு எடுத்தால் ஓவியத்தில் ஓட்டை. அதனால் பறிக்க விடமாட்டாள். வெடித்த கோசு, முற்றிய பீன்ஸ், உள்ளே சக்கையாகிப்போன முள்ளங்கி, இவைதான் கதவு தாண்டி வரும்.

"இன்னிக்கு மட்டும் விட்டுக் கொடுங்கக்கா" என்றாள் இளையவள். குரலைத் தணிப்பதற்குள் அவளுக்குப் பல் நறநறவென்றது. "மதியம் அறக்கட்டளைத் தலைவர் சாப்பிட வர்றார். சமையலறையை என்கிட்டயே விடறதா, வெளிக் கம்பெனிக்காரன்கிட்ட கொடுக்கறதான்னு இன்னிக்குத்தான் முடிவு பண்றாங்க. தெரியுமில்ல?"

"தெரியும். அதே தலைவர் சாப்பிட்டுட்டுத் தோட்டத்தைப் பாக்க வருவார். அவருக்கு மொட்டைப் பாத்தியைக் காட்டவா?"

"மாளிகைக்காரங்க என்ன, பாத்துப் பாத்துப் பசியாறினாங்களா? திங்கத்தானேக்கா போட்டாங்க!"

"நீ எனக்குச் சரித்திரம் சொல்ல வந்துட்டியா? சந்தையில தக்காளி வாங்கி, பின் சந்து வழியா முந்தானையில மூடிக்கிட்டு வர்றவ நீ. நான் பாக்கலன்னு நெனச்சியா? தலைவர் வரட்டும், அவர் காதுல போட்டு வெக்கிறேன்."

இளையவள் கத்தியைத் தாழ்த்தினாள். மூத்தவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு இத்தனை நாளாய்ப் பத்திரமாக வைத்திருக்கிறாள், ஊறுகாய் போல.

"சொல்லுங்க. உங்க புண்ணியத்துல நான் தெருவுக்கு வந்துடறேன். போதுமா?"

"நீ பண்ற திருட்டுக்கு என் புண்ணியத்தை ஏன் இழுக்கிறே?"

இளையவள் எழுந்து புடவை மண்ணைத் தட்டினாள். கோசு பாத்தியிலேயே நின்றது. ஊரார் அடுப்படிகளில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து நகம் போனவள் அவள். 'என் அடுப்பு' என்று சொல்லிக்கொள்ள இந்த ஒன்றுதான் கிடைத்தது. அதை ஒரு கோசுக்காக விடுவதா? விறுவிறுவென்று பின் சந்துப் பக்கம் நடந்தாள்.

மதியம் தலைவர் வந்தார். வழுக்கைத் தலை, மெல்லிய குரல். கூட ஒரு செயலாளர், எதற்கும் தலையாட்டுகிறவர். மேசைக்கு முதலில் தக்காளி சூப் போனது. இளையவள் கதவோரம் நின்று தலைவரின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து மூத்தவளும் கை கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள். சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தாள் இளையவள்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! இதுதான்யா ருசி. கடைத் தக்காளியில இது வருமா? சொந்த மண்ணுல வெளைஞ்சதுன்னு நாக்குக்குத் தெரியுது பாருங்க."

"தெரியுது, தெரியுது" என்றார் செயலாளர்.

"யாரு, நீங்கதானே தோட்டம் பாக்கறவங்க? இதுக்கு அப்படி என்னம்மா போடறீங்க?"

மூத்தவள் இளையவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, வெட்கத்தோடு முந்தானையைத் திருகினாள்.

"போடறது என்னங்கய்யா... எல்லாம் நம்ம கைப்பக்குவம்தான். மண்ணைப் பிள்ளை மாதிரி பாத்துக்கணும். அவ்வளவுதான்."

இளையவளுக்கு முதலில் மூச்சு வந்தது. தப்பித்தோம். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அடுப்பு அவளுக்கே. அது அவளுக்கும் தெரியும். ஆனால் மூத்தவள் நிறுத்தவில்லை.

"சமைக்கிறவங்க கையில என்னங்கய்யா இருக்கு? காய் நல்லா இருந்தா வெந்நீர்ல போட்டாலும் ருசிக்கும்."

"பொய்!" என்றாள் இளையவள்.

தலைவரின் கரண்டி நின்றது.

"அது சந்தைத் தக்காளிங்க. காலையில நான் பொறுக்கி வாங்கினது. இவங்க கைப்பக்குவமும் இல்ல, காலுப்பக்குவமும் இல்ல. அந்தத் தோட்டத்துல இருந்து எனக்கு ஒரு காய் வராது. எல்லாம் பார்வைக்கு!"

"பாவி, உன் வாயாலேயே..." மூத்தவளின் முகம் வெளுத்தது.

"ஆமா, என் வாயாலேயேதான். அய்யா என் சூப்பைக் குடிச்சுட்டு உங்களுக்கு மாலை போடறதைப் பாத்துக்கிட்டு இருப்பேன்னு நெனச்சீங்களா?"

தலைவர் சூப்பைத் தள்ளி வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். நாக்கு ஏமாற்றியதை நாலு பேர் பார்த்துவிட்ட கோபம் அவர் காது மடலில் சிவப்பாக ஏறியது. எழுந்து மரக்கதவைத் தாண்டித் தோட்டத்துக்குள் போனார். மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். கொம்பில் தொங்கிய பீன்ஸ் ஒன்றைப் பறித்துக் கடித்தார். நார் பல்லில் மாட்டியது. துப்பினார்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார் பாத்திகளைச் சுற்றிப் பார்த்து. "படம் மாதிரி இருக்கு. தோட்டம் இருக்கட்டும். சமையலறை வெளிக் கம்பெனிக்குப் போகட்டும். வாசல் பலகையைக் கழட்டிடுங்க."

"கழட்டிடலாம்" என்றார் செயலாளர்.

மூத்தவளின் உதட்டோரம் மெல்ல ஏறியது. அது அடங்குவதற்குள் தலைவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கம்பெனி வேக வெச்சுப் பெட்டியில கொண்டு வர்றவங்க. அவங்களுக்கு இந்தக் காய் வேண்டியதில்லை. எதுக்கும்மா இத முத்தவிட்டு அழுகவிட்டுக்கிட்டு? அழகுக்குன்னே ஒரு கோசு விக்கிறாங்க, யாரும் சமைக்கறதில்ல, மாசக்கணக்கா அப்படியே நிக்கும். அடுத்த மாசம் எல்லாத்தையும் பிடுங்கிட்டு அதை நட்டுடுங்க. தண்ணி மட்டும் ஊத்தினா போதும்."

"அய்யா, இது... இது காய்கறித் தோட்டமுங்க" என்றாள் மூத்தவள்.

"இப்பவும் பாக்கத்தானே வெச்சிருக்கீங்க? அதையே செய்யுங்க."

அவர்கள் போய்விட்டார்கள். மூத்தவள் பாத்தி நடுவில் நின்றாள். கோசுகள் சுற்றிலும் வரிசை தப்பாமல் ஊதா நிறத்தில் பளபளத்தன. இளையவள் சமையலறைக்குள் போய்க் கரண்டியையும் சொந்தக் கத்தியையும் துணியில் சுற்றினாள். சுற்றிய முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். திரும்பி வரும்போது ஓரகத்தியின் முகத்தைப் பார்க்காமல் பின் சந்துக் கதவை நோக்கி நடந்தாள்.

"நில்லுடி! பேசாமப் போறா பாரு. ஏ, உன்னைத்தான்... அப்ப இதையெல்லாம் யாருடி திங்கிறது?"