கடலுக்குப் பயந்தவள்

"மாட்டேன்" என்று ஒரு பொம்பளை சொன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். "பயமாயிருக்கு" என்றால் உடனே ஐயோ பாவம் என்பார்கள். அதனால்தான் கடலென்றால் எனக்குப் பயம் என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தேன். ஒரு வருஷம் அது நன்றாகவே ஓடியது.

என் வீட்டுக்காரர் வீரய்யா ஆறு வயதில் இந்தியாவில் துறையூரிலிருந்து வந்தவர். எங்களுக்கு இலங்கையில் பிரஜாவுரிமை இல்லை என்று ஆன பிறகு, இந்தியாவுக்குப் பதிந்துகொண்டு போய்விடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றார். விண்ணப்பப் பாரம் நிரப்பியாகிவிட்டது. என் கைநாட்டு மட்டும்தான் பாக்கி. நான் பிறந்தது இங்கே றொசல்லத் தோட்டத்தில். எந்த ஊரிலிருந்தும் வராதவள் எங்கே திரும்பிப் போவது? இதைச் சொன்னால் வாயாடி. பயம் என்றால் கப்பல் பேச்சு தானாகத் தள்ளிப்போகும்.

மனிதர் விடவில்லை. பயத்தைத் தெளிய வைக்கிறேன் என்று ஐம்பத்தேழாம் வருஷம் சித்திரைப் பிறப்பு லீவில் என்னைத் திருகோணமலைக்குக் கூட்டிப் போனார். ஹட்டன் துணிக்கடை முதலாளியின் மைத்துனர் மஃறூப் அங்கே வள்ளம் வைத்திருந்தார். கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றிப்போய்க் கடலில் மீன், ஆமை காட்டுவது அவர் தொழில். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம்.

விடியற்காலையில் வள்ளத்தில் ஏறுமுன் மடியிலிருந்த சவுக்காரக் கட்டியை எடுத்து இரண்டு காலிலும் நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். ஈரத்தில் இறங்கினால் அட்டை கடிக்கும், சவுக்காரம் தேய்க்க வேண்டும். மலையில் பிறந்த காலுக்கு வேறென்ன தெரியும்?

மஃறூப் விழுந்து விழுந்து சிரித்தார். "கடல்லயும் அட்டை இருக்கு தங்கச்சி. அது கடிக்கிற இல்ல."

அந்தச் சவுக்காரக் காலோடு ஈரப் பலகையில் வழுக்கி உட்கார்ந்தேன். "பாத்தீங்களா நானா, எவ்வளவு பயம்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். நடிப்பென்று வந்தபின் ஒழுங்காக நடிக்க வேண்டாமா?

கரை சின்னதானது. அரை மணி நேரத்தில் வீரய்யாவின் முகம் வெளிறியது. காலையில் தின்ற ரொட்டி முழுக்கக் கடலுக்குப் போனது. எனக்கு ஒன்றுமில்லை. செங்குத்து மலையில் கூடையோடு நிற்பவளுக்கு வள்ளத்தின் ஆட்டம் ஒரு ஆட்டமா?

"ஓங்கி வருது" என்றார் மஃறூப். டால்பினைத்தான் அவர் ஓங்கி என்கிறார்.

கண்ணைத் திறந்தேன். இருபதா முப்பதா தெரியவில்லை. கறுத்த முதுகுகள் வள்ளத்தின் இரண்டு பக்கமும் தாவித் தாவி வந்தன. ஒன்று எனக்குக் கையெட்டும் தூரத்தில் எழும்பி, என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு விழுந்தது. தண்ணீர் முகத்தில் அடித்தது. எழுந்து நின்றுவிட்டேன். அப்புறம்தான் தூரத்தில் திமிங்கிலம். தேயிலைப் பெக்டரிப் புகைபோல ஒரு மூச்சு, பின்னால் நீண்டுகொண்டே போகும் முதுகு. நான் வாய்விட்டுச் சிரித்தேன். பயப்பட வேண்டியதே மறந்துபோனது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

"இதுக இந்தியாப் பக்கமும் போகுமா நானா?"

"போகும், வரும். இதுகள்ட யாரு பாஸ் கேக்கிற?"

திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர், வாயைத் துடைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அகப்பட்டுக்கொண்டேன்.

கரையில் இறங்கியதும் சட்டைப் பையிலிருந்து பாரத்தை எடுத்தார். தோட்ட ஆபீஸ் கிளாக்கரய்யாவிடம் இரவல் வாங்கிய மைப்பெட்டியும் கூடவே வந்தது. "பயந்தான் போயிருச்சே புள்ள" என்று என் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.

விரலை இழுத்துக்கொண்டேன்.

"எனக்குக் கடல்னா எப்பவுமே பயமில்லங்க. எனக்கு வர இஷ்டமில்ல. நான் பொறந்த எடத்த விட்டு வர மாட்டேன்."

"அப்ப ஒரு வருசமாச் சொன்னது பொய்யா?"

"பொய்யின்னாத்தானே நீங்க எல்லாரும் கேட்டீங்க."

மஃறூப் வள்ளத்துக் கயிற்றை ரொம்பக் கவனமாகக் கட்டிக்கொண்டிருந்தார். வீரய்யா மணலில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விரலைக் கொடுக்கவில்லை. மிச்சச் சவுக்காரத்தைப் போட்டுத் தேய்த்தேன். உப்புத் தண்ணீரில் நுரையே வரவில்லை, மையும் போகவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி செல்லசாமி என் விரலைப் பார்த்துவிட்டார். "என்னா ராக்காயி, கடல் பயம் தெளிஞ்சு கைநாட்டு வச்சாச்சு போல?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். வீரய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

"மைதாங்க பட்டிருக்கு, கங்காணி. கைநாட்டு வைக்க மாட்டேன்."

இந்தத் தடவை யாரும் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு என் தேயிலை நிரைக்குக் கொழுந்தெடுக்கப் போனேன்.