எங்கே போனார்?

"அவரு காலையிலேயே போயிட்டாரேம்மா" என்றது போன். சொன்ன குரலில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்வதுபோல இருந்தது. பின்னால் யாரோ கூப்பிட, "இதோ வரேன்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் கொரோனா. அவளும் நாத்தனாரும் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கணவர் கீழ்த்தளத்தில் இருந்தார். லிஃப்ட் மெக்கானிக். அவருக்குத்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போனது. இங்கே ஆக்சிஜன் முகமூடி வழியாகத்தான் வரும். முழுக்கத் திறந்தாலும் நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர். மூச்சுத் திணறுகிறவரோ அதைவிட வேகமாக இழுப்பார். பற்றாததை முகமூடியின் ஓரத்து இடுக்கு வழியாக அறைக்காற்று வந்து நிரப்பும், கெட்டிப் பாலில் தண்ணீர் கலந்த மாதிரி. பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் உண்டு. ஆக்சிஜனைச் சூடாக்கி, ஈரமாக்கி, இதைப்போல நான்கு மடங்கு வேகத்தில் மூக்குக்குள்ளேயே ஊதும். வெளிக்காற்று நுழைய இடமே இருக்காது. அதற்காகத்தான் அவரை அங்கே மாற்றினார்கள்.

தினமும் காலையில் அங்கே போன் செய்வாள். இயந்திரத்தின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள் என்றார்கள். லிஃப்டை ஒவ்வொரு மாடியாக இறக்குவதுபோல என்று அவள் நினைத்துக்கொண்டாள். குப்புறப் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். நுரையீரலின் பெரும்பங்கு முதுகுப்பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் நெஞ்சின் கனமெல்லாம் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும், குப்புறப் படுத்தால் அது விரியும். இதைக் கேட்டு நாத்தனார் நேற்றுத்தான் சிரித்தாள். "குப்புற விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலைன்னு சொல்ற ஆளுதானே எங்கண்ணன். இப்ப டாக்டரே விழச் சொல்லிட்டாங்க."

அந்த நாத்தனார் இப்போது ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"போயிட்டாராம்."

ரொட்டி கையிலிருந்து நழுவிப் பாலில் விழுந்தது. பிறகு நாத்தனார் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சண்டைக்கு வருகிற குரலில் கேட்டாள். "எங்க போனாருன்னு கேட்டீங்களா?"

"இதென்னடி கேள்வி?"

"கேக்கணும்ல? பால் வாங்கப் போனவரையும் போயிட்டாருன்னுதான் சொல்லுவோம்."

உண்மைதான். வீட்டைவிட்டுக் கிளம்பினவருக்கும் உலகத்தைவிட்டுக் கிளம்பினவருக்கும் நம் வாயில் ஒரே சொல். அந்தப் பயத்தில்தான் வெளியே கிளம்பும்போது 'போயிட்டு வரேன்' என்று ஒரு வாலையும் சேர்த்துச் சொல்கிறோம். வால் இல்லாத சொல்லாக இது வந்திருந்தது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம். ஆனால் கேட்காதவரைக்கும் அவர் இருக்கிறார். விரல் பொத்தான்மேல் நின்றதே தவிர அழுத்தவில்லை.

மருந்துத் தட்டோடு வந்த நர்ஸ் இருவர் முகத்தையும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும் தட்டை வைத்துவிட்டு, போனை வாங்கித் தானே அழைத்தாள். இறந்துவிட்டாரா என்று அவள் கேட்கவில்லை. நோயாளிகளை அனுப்பி, திரும்ப வாங்கிப் பழகினவளுக்கு வேறு கேள்வி தெரிந்திருந்தது.

"அந்த லிஃப்ட் மெக்கானிக், போயிட்டாருன்னீங்களே. எப்படிப் போனாரு? ட்ராலியிலயா, வீல்சேர்லயா?"

முகக்கவசத்துக்கு மேலே நர்ஸின் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை சுருங்கின. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வாசல்வரைக்கும் வீல்சேர் சிஸ்டர். வண்டியில அவரே ஏறிக்கிட்டாரு. அதுக்கு முன்னாடி எங்க லிஃப்ட் கதவு இழுக்குதுன்னு எந்திரிச்சுப் பாக்கப் போனாரு, புடிச்சு உக்கார வெச்சோம்."

"எங்க அனுப்பியிருக்கீங்க?"

"உங்ககிட்டதான்! அவருக்கு இனிமே சாதாரண மூக்கு ட்யூப் போதும். மெஷின் இன்னொருத்தருக்கு வேணும்ல. யாரும் சொல்லலையா?"

"சொல்லல. நல்லவேளை, ஒரு கட்டில் காலியா இருக்கு" என்று நர்ஸ் போனை வைத்தாள். "நம்மாளுங்களுக்கு அனுப்பத் தெரியும், சொல்லத் தெரியாது."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நாத்தனார் ஊறிப்போன ரொட்டியைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தாள். "கேக்கணும்னு சொன்னேன்ல?"

"நீயும்தான் அழுத."

"பால் ஆவி கண்ணுல பட்டுச்சு அண்ணி."

இந்நேரம் அவருடைய இடத்தில் வேறு யாரையோ படுக்கவைத்து அந்த இயந்திரத்தைப் பொருத்தியிருப்பார்கள். யாரென்று தெரியாத அந்த ஆளும் இப்படியே தன் காலால் வண்டி ஏறிப் போகட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த ஆளுக்கும் எங்கோ ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலுக்குப் போனாள். கீழே ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தது. ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரை வெளியே இழுத்தார். மடங்கியிருந்த அதன் கால்கள் தாமாகவே விரிந்து தரையில் ஊன்றின. கணவர் அதில் படுத்திருக்கவில்லை. மெலிந்து, கலைந்த தலையோடு, சின்ன சிலிண்டரை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்கினார். தோள்கள் இன்னும் ஏறி இறங்கின. பிறகு குனிந்து ஸ்ட்ரெச்சரின் கால்களைப் பார்த்தார். ஓட்டுநரிடம் ஏதோ கேட்டார்.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். நாத்தனாரும் வந்து தட்டினாள். அவர் நிமிராமலேயே மேல்நோக்கி ஒரு விரலைக் காட்டினார், இரு என்று. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே காலி ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார். கால்கள் மடங்கின. மறுபடி இழுத்தார். கால்கள் விரிந்தன. அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.